பொம்மையை வளைப்பது யார்? தஞ்சை மண்ணில் உருவங்களின் கதை

பொம்மையின் பாதத்தை வெட்டிய கதையிலிருந்து தொடங்குகிறோம்.

எங்கள் மாலை நேரப் படிப்பகத்து மாணவர்களோடு சேர்ந்து வெண்மணியைப் பற்றி ஒரு டயோரமா செய்ய முடிவெடுத்தோம். டயோரமா என்றால் வேறொன்றுமில்லை. ஒரு பலகையின் மேல் மண்ணும் குடிசையும் மரமும் மனிதர்களும் வைத்து, நடந்த ஒன்றை நிறுத்திக் காட்டுவது. மனித உருவங்களுக்குப் பன்னிரண்டு அங்குலப் பொம்மைகளை எடுத்துக்கொண்டோம். ஆறடி மனிதனை ஓரடியாகச் சுருக்குகிற அளவு அது. ஆறில் ஒரு பங்கு. உலகம் முழுக்க இந்த அளவில் பொம்மைகளை வாங்கி, தலையை மாற்றி, உடை தைத்து, மூட்டுகளை வளைத்துக் கதை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொழுதுபோக்கை நாம் ஏன் நம் வேலைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டது ஒரு பாலிடெக்னிக் மாணவர். சென்னைக்குப் போய்ப் பழைய பொம்மைகளை ஒரு பை நிறைய வாங்கி வந்ததும் அவர்தான்.

பையைக் கொட்டிப் பார்த்தோம். ஆண்கள் எல்லோரும் சிப்பாய்கள். பெண்கள் எல்லோரும் பார்பி சாயல். நடவு நடும் பெண் ஒருவரைச் செய்யலாம் என்று ஒரு பொம்மையை எடுத்து நிறுத்தினால் நிற்கவில்லை. பாதம் குதிகாலைத் தூக்கியபடி இருந்தது. உயர்ந்த குதிகால் செருப்புக்காகவே வார்த்த பாதம் அது. சேற்றில் ஊன்றுகிற பாதம் அல்ல. இடுப்பும் வளையாது. நடவுக்குக் குனிகிற பெண்ணின் உடம்பு இடுப்பில் கிட்டத்தட்ட செங்கோணமாக மடியும். அந்த மடிப்பு இந்தப் பொம்மையைச் செய்தவர் கணக்கிலேயே இல்லை. கணுக்காலுக்குக் கீழே வெட்டி, எம்-சீல் பிசைந்து, தட்டையான, விரல் விரிந்த பாதங்களைச் செய்து ஒட்டினோம். வயிற்றையும் அறுத்து உள்ளே கம்பி வைத்தோம்.

ஆண் பொம்மைகளின் கையில் வேறு சிக்கல். வலது கைச் சுட்டுவிரல் துப்பாக்கி விசையை இழுக்கிற மாதிரி மடிந்திருந்தது. அந்தக் கையில் கருக்கரிவாளைச் செருகினால் பிடித்துக்கொள்கிறது, ஆனால் அறுக்கிறவன் கையாகத் தெரியவில்லை. சுடப்போகிறவன் கையாகவே தெரிகிறது. கடைசியில் விரல்களைச் சூடான நீரில் இளக்கி மடக்கிக்கொண்டோம். ஒரே ஒரு பொம்மைக்கு மட்டும் உடம்பில் எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. அகன்ற மார்பு, நிமிர்ந்த கழுத்து, விரிந்து நிற்கிற கால். வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டோம். மிராசுதார் தயார்.

அன்று இரவு எங்களைத் தூங்கவிடாதது இந்தக் கடைசிப் பொம்மைதான். அதனால் கொஞ்சம் வரலாறு தேடினோம். கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பார்பி வந்தது 1959-இல். ஆண் பிள்ளைகளுக்கு அதே மாதிரி ஒன்றை விற்க வேண்டும் என்று ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-இல் ஜி.ஐ. ஜோ என்கிற பன்னிரண்டு அங்குலச் சிப்பாயை இறக்கியது. 'பொம்மை' என்று சொன்னால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று பயந்து 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். இன்று உலகமே சொல்கிற அந்தச் சொல் வியாபாரத் தந்திரமாகப் பிறந்தது. முகத்தில் ஒரு தழும்பு, மூட்டுக்கு மூட்டு அசைவு, கையில் பிடிக்கத் துப்பாக்கி. மறு ஆண்டே, 1965-இல், கறுப்பினச் சிப்பாய் ஒன்றையும் விற்பனைக்கு விட்டார்கள். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அச்சு அதே அச்சு. அதே வெள்ளைக்காரன் முகத்தின் மேல் பழுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள்.

அதே நாட்டில் அதற்கு முன்பே, 1940-களில், கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்கிற கறுப்பின உளவியலாளர் தம்பதி பொம்மைகளை வைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். நிறத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஒன்றுபோலிருக்கும் பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்தார்கள். எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எது உன்னைப் போல இருக்கிறது? பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். கடைசிக் கேள்வி வந்தபோது சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டு ஓடினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் வழக்குத் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. நீதிமன்றப் படியேறிய பொம்மைகள் அவை.

நாங்களும் முதலில் ஹாஸ்ப்ரோ செய்ததையே செய்தோம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஒரே பழுப்பு வண்ணத்தைக் கலந்து எல்லாப் பொம்மைக்கும் பூசிவிட்டோம். பதினோராம் வகுப்புப் படிக்கிற தங்கை ஒருவர்தான் தன் அம்மாவின் கையைப் பார்க்கச் சொன்னார். முழங்கைக்குக் கீழே ஒரு நிறம், ரவிக்கைக் கைக்குள்ளே இன்னொரு நிறம், பித்தவெடிப்பு ஓடிய பாதத்தில் சாம்பல் கலந்த வேறொரு நிறம். திரும்பவும் சுரண்டிவிட்டுப் பூசினோம்.

அமெரிக்கக் கதை அதோடு போகட்டும். மனிதர்களைச் சாதிவாரியாகச் சின்ன உருவங்களாக்கி விற்கிற தொழில் அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முன்பே நம் தஞ்சாவூரில் நடந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனிக்காரர்கள் இங்கே வந்து தங்கியபோது, ஊருக்கு எடுத்துப்போக ஓவியத் தொகுப்புகளைக் கேட்டார்கள். தஞ்சை ஓவியர்கள் வரைந்து கொடுத்தார்கள். இன்று அவை 'கம்பெனி ஓவியங்கள்' என்ற பெயரில் லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு தாளுக்கு ஒரு சாதி. ஒவ்வொரு தாளிலும் ஒரு கணவன், ஒரு மனைவி. கையில் தொழிற்கருவி. பின்னால் பெரும்பாலும் வெற்று வானமும் ஒரு கீற்றுத் தரையும். கள் இறக்குபவர், துணி வெளுப்பவர், தோல் வேலை செய்பவர், கூடை முடைபவர். படத்தோடு சாதிப் பெயர் எழுதியிருக்கும். ஆள் பெயர் இருக்காது.

அந்த ஓவியங்களை இணையத்தில் நீங்களே பார்க்கலாம். கைத்திறன் அருமையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே. வேலை நடப்பதில்லை. கருவி கையில் இருக்கிறது, உடம்பு வேலையில் இல்லை. காட்டுவதற்காக நிற்கிறார்கள். யாருடைய நிலத்தில் வேலை, என்ன கூலி, எத்தனை நாள் என்று அந்தத் தாளில் எதுவும் இல்லை. பக்கத்துத் தாளில் இருக்கிற மேல்சாதித் தம்பதிக்கும் இந்தத் தாளில் இருக்கிறவருக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்பதும் இல்லை. ஆளுக்கொரு தாள் என்று பிரித்துவிட்டால் சுரண்டல் தெரியாது, தினுசு மட்டும் தெரியும். 1799-இல் தஞ்சாவூர் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது. நிலமும் அதில் உழைத்த அடிமைகளும் மிராசுதார்கள் கையிலேயே இருந்தார்கள். 1843-இல் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்றார்கள். அடிமை பண்ணையாளானார். வாங்கிய கடன் அவரைக் கட்டிப்போட்டது.

அடுத்தது கொலு. நவராத்திரிக்கு மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி கட்டிப் பொம்மை வைக்கிற வழக்கத்துக்குக் கீழ்ப்படியில் ஓரறிவுயிர், மேலே போகப் போக மனிதர், முனிவர், உச்சியில் தெய்வம் என்று விளக்கம் சொல்வார்கள். படிப்படியாக அடுக்குவது என்ற எண்ணத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. படிநிலைச் சமத்துவமின்மை என்று பாபாசாகேப் அம்பேத்கர் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்.

ஆனால் எங்களை இழுத்தது படிகள் அல்ல. தரையில் வைக்கிற 'செட்'டுகள். கல்யாண செட், கச்சேரி செட், கிரிக்கெட் செட், கிராமத்து செட். தமிழ்நாட்டு வீடுகளில் பல தலைமுறையாகப் பிள்ளைகள் செய்துவருகிற டயோரமா இதுதான். மணலைக் கொட்டிக் குளம் வெட்டி, கடுகு தூவி முளைக்கவைத்து வயல் காட்டுவார்கள். மரப்பாச்சி இன்னொரு அதிசயம். கருங்காலியிலோ செம்மரத்திலோ கடைந்த அந்த ஆண் பெண் ஜோடிக்கு மூட்டே கிடையாது, வளையாது. உடுத்துவதில்தான் விளையாட்டு. ஒரு வருடம் மணமக்கள், அடுத்த வருடம் ராஜா ராணி. உடை மாற்றினால் ஆள் மாறுவான் என்பதை ஹாஸ்ப்ரோவுக்கு முன்பே நம் ஊர்ப் பாட்டிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கிராமத்து செட்டைக் கூர்ந்து பாருங்கள். ஏர் பிடிப்பவன், மாட்டு வண்டி, கிணறு, வரிசையாகக் குனிந்து நாற்று நடும் பெண்கள், கடையில் உட்கார்ந்த செட்டியாரும் அவர் மனைவியும். நாற்று நடும் பெண்கள் யார்? காவிரிப் படுகையில் அந்த வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் நம் அம்மாக்களும் ஆத்தாக்களும். நடவு பொம்மைக்குப் பச்சைப் புடவை, சிரித்த முகம். நடவு முடிந்து அந்தப் பெண் எங்கே போவாள்? செட்டில் அக்ரகாரம் உண்டு, கோயில் உண்டு, தெரு உண்டு. நாங்கள் பார்த்த எந்தச் செட்டிலும் சேரி இல்லை. உழைப்பு உண்டு, உழைத்தவர் வீடு இல்லை.

இதற்காகப் பொம்மை செய்கிறவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. மண் பிசைந்து, காகிதக் கூழ் ஒட்டி, வெயிலுக்கும் மழைக்கும் பயந்து தொழில் செய்கிற குடும்பங்கள் அவை. பண்டிகைக்குப் பண்டிகை கடன் வாங்கிப் பிழைக்கிறவர்கள். கேட்பதைச் செய்கிறார்கள். கேட்கிறவர்கள்தான் மாற வேண்டும்.

இனி முதுகுக்கு வருவோம். ஆறில் ஒரு பங்குப் பொம்மையில் விலை அதிகமானவற்றுக்கு முப்பது மூட்டு வரை இருக்கிறது. எதை எவ்வளவு வளைப்பது என்பதை முடிவு செய்ய நாங்கள் கீழத்தஞ்சைப் பண்ணையாளின் உடம்பைப் பற்றித் தேட வேண்டியிருந்தது. தேடத் தேட, அந்த உடம்பின் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சட்டம் இருந்தது தெரிந்தது. மிராசுதார் வந்தால் தோள் துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. காலில் செருப்பு கூடாது. பேசும்போது வாயைப் பொத்த வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் திமிர். மீறினால் சாணிப்பால், சவுக்கடி. மனிதர்களையே மூட்டு மூட்டாக வளைத்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அந்த வளைவை நிமிர்த்திய கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1943-இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்தார், செங்கொடிச் சங்கம் கட்டப்பட்டது, அடித்தால் திருப்பி அடி என்றார்கள், சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்தன, 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதே புத்தகங்களில் களப்பால் குப்புவுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சேரியிலிருந்து எழுந்த தலைவர் அவர், 1948-இல் சிறையிலேயே இறந்தார். நிமிர்ந்தவர்கள் சொல்லித்தான் நிமிர்ந்தார்கள் என்று எழுதுவது ஒரு வகை. நிமிரக் காத்திருந்தவர்களுக்குத் துணை கிடைத்தது என்று எழுதுவது இன்னொரு வகை. எங்களுக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

நிமிர்ந்த உருவம் என்றால் நம் கண்ணில் முதலில் வருவது நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். பாபாசாகேப் உயிரோடு இருந்தபோதே, 1950-இல், கோலாப்பூர் பிந்து சௌக்கில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். அதன் பிறகு ஊர் ஊராக, சேரி சேரியாக, நம் காசில், நம் கையால் எழும்பிய சிலைகள் எத்தனை ஆயிரம்! கலை விமர்சகர்கள் சிலர் அந்தச் சிலைகளில் அளவு சரியில்லை, முகம் சரியில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த விரல் நீண்டு நிற்பது எவர் கண்ணை உறுத்துகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் அந்தச் சிலைகளில் பலவற்றைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் இதே படுகையின் கடைக்கோடியில், வேதாரண்யத்தில், அம்பேத்கர் சிலையை உடைத்தார்கள். மறுநாளே அங்கே புதிய சிலை வைக்கப்பட்டது. உருவம் வெறும் உருவம்தான் என்று நம்மிடம் சொல்கிறவர்கள் அதை உடைத்தவர்களிடம் போய்ச் சொல்லட்டும்.

வெண்மணிக்குத் திரும்புவோம். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கிய நம் மக்கள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். மறுத்தது செங்கொடியை இறக்குவதை. 1970-இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த கோபாலகிருஷ்ண நாயுடுவை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறோம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏராளமான நிலமுள்ள பணக்காரர்கள், நாயுடுவிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அதன் சாரம். நீதிபதிகளின் மனத்துக்குள்ளும் ஒரு செட் இருந்தது. அதில் மிராசுதாருக்கென்று ஓர் இடம், ஒரு நிற்கும் நிலை. தீப்பந்தத்தோடு நிற்கிற மிராசுதார் அந்தச் செட்டில் கிடையாது.

இந்தச் செய்தியை வாசித்த பிறகுதான் எங்களுக்குள் பெரிய சண்டை. எதைச் செய்வது? தம்பி ஒருவர் குடிசைக்குள் வைக்கச் சிவப்பு எல்.இ.டி. விளக்கே வாங்கி வந்துவிட்டார். தீயைக் காட்டாமல் வெண்மணி ஏது என்பது அவர் கட்சி. நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. மறைத்தால் மறக்கும். ஆனால் பிளாஸ்டிக் உருவங்களை ஒரு குடிசைக்குள் அடைத்து விளக்கைப் போட்டுச் சுற்றி நின்று செல்போனில் படமெடுப்பதை நினைத்துப் பார்த்தோம். அவர்களைப் பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் சாவை அவர்களைக் கேட்காமல் நிறுத்திக் காட்ட நமக்கு என்ன உரிமை? பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தை எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அதில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது. அதற்கு மேல் தீயைக் காட்ட ஒரு பொம்மை தேவைப்படவில்லை.

தீயை விட்டுவிட்டுக் கூலி அளக்கிற களத்தைச் செய்தோம். கொலை எங்கிருந்து தொடங்கியதோ அந்த இடம்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், யாராவது செய்வீர்கள். துணிதான் முதல் எதிரி. கடையில் வாங்கும் பருத்தி இந்த அளவுக்குப் பலகைபோல விறைத்து நிற்கும். பல வருடம் துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டியும் புடவையும்தான் பொம்மை உடம்பில் உண்மையாக விழுகிறது. விளிம்புக்குள் மெல்லிய செம்புக் கம்பியை வைத்துத் தைத்தால் மடிப்பு நீங்கள் சொன்ன இடத்தில் நிற்கும். ஃபெவிக்காலைத் தண்ணீராகக் கரைத்துத் தடவினாலும் சரி. கட்டம் போட்ட லுங்கி வேண்டுமென்றால் சின்னஞ்சிறு கட்டமாகப் பாருங்கள், இல்லையென்றால் ஜமுக்காளம் கட்டியதுபோல இருக்கும். பொம்மை எல்லாம் ஒரே உயரம், மனிதர்கள் அப்படி இல்லை. முழங்காலுக்குக் கீழே அறுத்து நான்கு பேரைக் குள்ளமாக்கினோம். படிக்கு மருந்து பாட்டில் மூடி. நெல்லுக்கு மஞ்சள் கலந்த ரவை. வைக்கோலுக்குத் தேங்காய் நாரை விடத் துடைப்பத்தின் அடித்தூள் நன்றாக இருந்தது.

நிற்கும் நிலையை முடிவு செய்யத்தான் மூன்று வாரம். எல்லோரும் முஷ்டியை உயர்த்தட்டும் என்று முதலில் நிறுத்தினோம். சுவரொட்டிபோல ஆகிவிட்டது. எல்லோரையும் குனிய வைத்தால் கிராமத்து செட். கடைசியில், சாக்கை விரித்துப் பிடித்திருக்கிற ஒரு பெண், துண்டைத் தோளில் போட்டபடி படியையே பார்க்கிற ஒரு கிழவர், இன்னும் கக்கத்தில் துண்டோடு நிற்கிற அவர் மகன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மிராசுதார் முகத்தை நேராகப் பார்க்கிற ஒரு தாய், என்று ஆளுக்கு ஒரு வளைவு கொடுத்தோம். படியைப் பிடித்திருப்பது மிராசுதார் அல்ல, அவருடைய காரியக்காரர். மிராசுதார் நாற்காலியில்.

டிசம்பர் 24 மாலை படிப்பகத்து வாசலில் மேசை போட்டு வைத்தோம். பிள்ளைகள் வந்தார்கள், தொடாதே தொடாதே என்று கத்திக்கொண்டே இருந்தோம். இருட்டுகிற நேரத்தில் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் வந்தார். வெண்மணிக்காரர் அல்லர். பக்கத்து வட்டாரத்தில் சின்ன வயதிலிருந்து நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். புடவைக் கட்டு சரியில்லை என்றார், கொசுவம் இன்னும் மேலே ஏறவேண்டுமாம். பிறகு மருந்து பாட்டில் மூடியைக் காட்டினார்.

"ஏந் தம்பி, இது கூலி அளக்குறதா, கடன் அளக்குறதா?"

கூலி என்றோம். படியில் நெல்லைக் கோபுரமாகக் குவித்து வைத்திருந்தோம், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று.

"கூலிக்கு எவன் இப்புடி அளந்தான்? கடன் வாங்கினத நாம திருப்பிக் கொடுக்கையிலதான் குமிச்சு அளப்பான்."

சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலை நீட்டி, காரியக்காரர் கைக்குக் கீழே விட்டு, படியின் தலையை நகத்தால் ஒரே வழியாகத் தட்டிவிட்டார். குவிந்திருந்த ரவை மிராசுதார் பக்கத்துத் தரையில் சரிந்தது. அதை நாங்கள் கூட்டி அள்ளவில்லை. இன்றும் பலகையில் அப்படியே இருக்கிறது.